அன்றாட ஓட்டத்துக்கு உகந்தது

எங்கள் ரத்த வங்கி வாரியத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். அதிகாரிகள் மேல் பழியைப் போடலாமா என்று நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். முடியவில்லை. விண்ணப்பத்தில் இருப்பது என் கையெழுத்து.

நான் வாரியத்தின் ஓட்டுநர். ஒரே ஓட்டுநர். பதினேழு வருடமாக எனக்கு ஒரே வேலை: செவ்வாயும் வெள்ளியும் குளிர்பெட்டியில் பன்னிரண்டு பை ரத்தத்தை அடுக்கி, ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஒன்பது கிலோமீட்டர். அந்தக் கிளையில் இருபத்தெட்டுப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். தேவையான ரத்தத்தை அவர்கள் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, பிறவியிலேயே அப்படி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தம் இரண்டு பை ஏற்றினால்தான் எழுந்து நடமாட முடியும். அந்த இருபத்தெட்டில் ஒருவன் என் மனைவியின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறான். தையல்காரன், வாய்த்துடுக்கு அதிகம். அவனுக்கு ரத்தம் குறைந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் பரிசோதனை எதுவும் வேண்டாம். அவன் போடும் பட்டன் துளை கோணிக்கொண்டு போனால் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆக, நான் ஒழுங்காக வேலைக்குப் போனால்தான் மச்சான் பிழைப்பான். சம்பளத்தைச் சொல்லவில்லை.

பழைய வேன் பத்தொன்பது வருடம் ஓடியது. கடைசிக் காலத்தில் அதன் கதவை மூட என் தோளும் காலும் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. "ரத்தம் கொண்டு செல்ல ஒரு வண்டி தேவை" என்று எழுதிக் கொடுத்தேன். எப்படிப்பட்ட வண்டி என்று குறிப்பிடவில்லை எனத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி உட்கார்ந்து, "ரத்தம் தாமதமாகாமல் போய்ச் சேரும்படி வேகமான வண்டி தேவை" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். கூடவே இருபத்தெட்டுப் பேரையும் மாட்டிவிட்டேன்.

எங்கள் கொள்முதல் அதிகாரி அப்பழுக்கில்லாத மனிதர். யாரிடமும் ஒரு கோப்பை டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். பென்சில் வாங்குவதாக இருந்தாலும் மதிப்பெண் பட்டியல் போட்டு, முதலில் வந்த பென்சிலைத்தான் வாங்குவார். வண்டிக்கும் பட்டியல் போட்டார். வேகத்துக்கு முப்பது. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்புவதற்கு இருபது. பிரேக்குக்குப் பதினைந்து. வாரியத்தின் கௌரவத்துக்கு இருபது. நிறத்துக்குப் பத்து. மீதி ஐந்து மதிப்பெண் "இதர" என்ற தலைப்பில் இருந்தது. பெட்டி வைக்க இடம் உண்டா என்பது அந்த இதரவில் அடக்கம்.

மூன்று வண்டிகள் போட்டியிட்டன. மூடிய வேன் முப்பத்தெட்டு வாங்கியது. பால் வண்டி ஒன்று முப்பத்தொன்று. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் தொண்ணூற்றாறு. இதரவில் அதற்கு ஒரே ஒரு மதிப்பெண்தான். ஆனால் அவ்வளவு நன்றாகப் படிக்கிற பிள்ளையை ஒரு பாடத்துக்காக யார் ஃபெயிலாக்குவார்கள்?

கார் சோதனைக்கு வந்த அன்று அலுவலகமே முற்றத்தில் கூடிவிட்டது. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, என் முழங்கால் உயரம். தலைவர் ஐயா கனத்த உடம்புக்காரர், முதுகுவலி உள்ளவர். உள்ளே தானாக இறங்கிவிட்டார். வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நம்ம வாரியம் இத்தனை வருஷமா தேவைய மட்டுமே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அதனாலதான் வளரல. யாராவது ரத்தம் கேட்டா குடுத்தோம். கேட்டதைக் குடுக்கிறது ஒரு பெரிய விஷயமா? நாலு பேரு நம்மளைத் திரும்பிப் பார்க்கணும்ல?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டவும் செய்தார்கள். நானும் தட்டினேன்.

கார் கம்பெனியிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி மட்டும் முகம் வெளிறி நின்றான். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "அண்ணே, ரத்தத்தையா இதுல ஏத்தப் போறீங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பாவம், மனசாட்சி உள்ளவன். நேரே கொள்முதல் அதிகாரியிடம் போய், "சார், இது தினமும் ஓட்டற வண்டி இல்ல. ஞாயித்துக்கிழமை ஆசைக்கு ஓட்டறது. சாமான் வைக்க இடம் கிடையாது, மேடு பள்ளம் தாங்காது" என்று சொல்லிவிட்டான்.

கொள்முதல் அதிகாரி சிரித்தார். "விலையை ஏத்தறதுக்கு நீங்க போடற தந்திரம் எனக்குத் தெரியாதா? 'உங்களால முடியாது'ன்னு சொன்னா நாங்க ரோஷப்பட்டு வாங்கிடுவோம்னு பார்க்கறீங்க. நாங்க அவசரப்பட மாட்டோம். ஆராய்ஞ்சுதான் முடிவு பண்ணுவோம்."

அப்படித்தான் ஆராய்ச்சி தொடங்கியது. பிரதிநிதி மூன்று வழி சொன்னான். முழு விலை கொடுத்து வாங்கலாம். மூன்று வருடக் குத்தகைக்கு எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் மாத வாடகை கொடுத்து இப்படியே வைத்துக்கொள்ளலாம். எது சிறந்தது என்று கண்டுபிடிக்க வாங்கல் துணைக்குழு, குத்தகைத் துணைக்குழு, வைத்திருத்தல் துணைக்குழு என மூன்று குழுக்கள் அமைந்தன. அறுபது நாள் நான் காரை அன்றாடம் ஓட்டி, அன்றாடம் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். நாற்பத்தொரு கேள்விகள். மூன்றாவது கேள்வி, "இன்று ஓட்டியபோது மகிழ்ச்சி அடைந்தீர்களா?" பத்தொன்பதாவது, "கிளைக்கு வழங்கிய ரத்தம் எத்தனை பை?"

புது வண்டி வளாகத்துக்குள் நுழையும் தேதியில் பழைய வண்டி கணக்கில் இல்லாமல் போய்விடும் என்பது விதி. அன்று சாயங்காலமே வேனை உடைக்க இழுத்துக்கொண்டு போனார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை குளிர்பெட்டியைக் காருக்குள் வைக்கப் பார்த்தேன். கதவைவிடப் பெட்டி பெரிது. சின்னப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, நாலு பை மட்டும் வைத்து, பக்கத்து இருக்கையில் உட்கார்த்தி பெல்ட் போட்டுவிட்டேன். சாவியைத் திருப்பினேன். அது எழுப்பிய சத்தத்தில் இரண்டாவது மாடி ஆய்வகத்தில் யாரோ எதையோ கீழே போட்டுவிட்டார்கள். வாசல் வரை அமர்க்களமாகப் போனேன். வாசலில் வேகத்தடை இருந்தது. காரின் வயிறு அதில் உட்கார்ந்துவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை.

ஆறு பேர் வந்து தூக்கினார்கள். முன்னும் பின்னும் பலகை வைத்து ஒருவழியாகத் தாண்டினோம். கிளைக்குப் போகிற வழியில் இன்னும் பதினான்கு வேகத்தடை. பலகையை எங்கே வைப்பது? காருக்குள் இடமில்லை. அதனால் காவலாளி பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் ஓட்டினேன். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகக்கூடிய கார். ஒன்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

கிளையில் இருக்கும் சிஸ்டர் நாலு பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே நின்ற காரைப் பார்த்தார். அந்த அம்மா இருபது வருடமாக இந்த இருபத்தெட்டுப் பேரையும் தன் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொள்கிறவர்.

"என்ன அண்ணே இது?"

"ஆராய்ச்சிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நாலு பைய வெச்சுக்கிட்டு யாருக்கு ஏத்தட்டும்? யார வீட்டுக்கு அனுப்பட்டும்? நீங்களே சொல்லிட்டுப் போங்க." அன்று மச்சானின் முறை. அவனே எழுந்து, "எனக்கு அவசரம் இல்ல சிஸ்டர், இந்த வாரம் பட்டன் வேலையே வரல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

திரும்பி வந்ததும் நடந்ததை எல்லாம் படிவத்தில் எழுதினேன். பலன் உடனே கிடைத்தது. வாசலில் இருக்கும் வேகத்தடையை அகற்றும்படி வளாகப் பாதுகாப்புப் பிரிவுக்குக் கடிதம் போனது. அந்தப் பிரிவு எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறது. பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. வளாகத்தில் வண்டிகள் வேகமாகப் போகக்கூடாது என்பதற்காகவே வேகத்தடை போடப்பட்டது. இப்போது வாரியமே மிக வேகமான வண்டி ஒன்றைக் கொண்டு வந்திருப்பதாகத் தெரிய வருகிறது. எனவே இன்னொன்று போடப்படும்.

போட்டுவிட்டார்கள். இரண்டு நாளில். அந்தப் பிரிவு அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பழைய தடைக்கும் புதுத் தடைக்கும் நடுவில் நாலடிதான் இடைவெளி. பலகை போட்டாலும் இனி கார் வெளியே போகாது.

வேறு வழி தேடாமலா இருந்தோம்? சிஸ்டர் தன் சொந்தக் காசில் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். முதல் தடவை ரத்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை காவலாளி வண்டி எண்ணைப் பட்டியலில் தேடினார். வாரிய வண்டிகளின் பட்டியலில் ஒரே ஒரு எண் இருந்தது. அது சிவப்பாக உள்ளே நின்றுகொண்டிருந்தது. ஆட்டோ வெறுமனே திரும்பிப் போனது. பேருந்தில் கொண்டு போகிறேன் என்றேன். ரத்தத்தைப் பொது வாகனத்தில் ஏற்றத் தடை. நடந்து போகிறேன் என்றேன். "டிரைவர் நடந்தா அது டிரைவர் வேலை ஆகாது" என்றார் கொள்முதல் அதிகாரி. அதுவும் சரிதான் என்று அந்த நேரத்தில் எனக்கே தோன்றியது.

இதற்கு நடுவில், கிளைக்குப் போகாத ரத்தம் ஆறு வாரத்தில் காலாவதியானது. காலாவதியானதை எடுத்துப் போக ஒரு லாரி வந்தது. அதற்கு இரண்டு வேகத்தடையும் ஒரு பொருட்டே இல்லை. அந்த லாரிக்காரரிடம் கெஞ்சினேன். "கிளை வாசல் வழியாத்தான் அண்ணே நான் போறேன், எனக்கென்ன கஷ்டம்? ஆனா கெட்டுப்போனதை மட்டும்தான் ஏத்தணும்னு எனக்கு உத்தரவு" என்றார். அதாவது ஒரு பை ரத்தம் ஆறு வாரம் பொறுமையாகக் காத்திருந்தால், மச்சான் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போகும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கும்.

வெளியே போக முடியாவிட்டாலும் அன்றாட ஓட்டம் நிற்கக்கூடாது அல்லவா? கட்டடத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னார்கள். காலையில் இருபது சுற்று, மாலையில் இருபது. துணைக்குழுக்கள் ஜன்னலில் நின்று பார்த்துக் குறிப்பெடுத்தன. ஒரு வாரம் கழித்து மூன்று குழுக்களும் என்னைக் கூப்பிட்டன.

வாங்கல் துணைக்குழுவின் தலைவி கண்டிப்பானவர். "டிரைவர், இது நாளைக்கு நம்ம சொத்தாகப் போற வண்டி. கிலோமீட்டர் ஏற ஏற மதிப்பு இறங்கும். தினமும் ஓட்டுங்க, வேண்டாங்கல. ஆனா கிலோமீட்டர் ஏறாம பார்த்துக்குங்க."

குத்தகைத் துணைக்குழுவின் தலைவர், "குத்தகைல வருஷத்துக்கு இவ்வளவு தூரம்னு வரம்பு இருக்கு. தாண்டினா அபராதம். அதனால தினமும் ஓட்டற பழக்கம் இருக்கணும், தூரம் இருக்கக்கூடாது" என்றார்.

வைத்திருத்தல் துணைக்குழு மென்மையானது. "எங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்ல. டயர் மட்டும் தேயக்கூடாது."

மூன்று குழுக்களும் வாழ்நாளில் முதல்முறையாக ஒத்துப்போன விஷயம் அதுதான். அன்றிலிருந்து நான் காரை முற்றத்தில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் இருந்தேன். அதற்கு அன்றாட ஓட்டம் என்று பெயர்.

வீட்டில் மச்சான் கட்டிலோடு கட்டிலாகிக்கொண்டிருந்தான். பட்டன் துளை கோணுவது எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. இப்போது ஊசியில் நூல் கோக்கவே கை நடுங்கியது. உதடு வெளுத்துவிட்டது. பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். கிளையில் பதிவு செய்தவர் கிளைக்குத்தான் போக வேண்டும், மயங்கி விழுந்தால் மட்டும் அவசரப் பிரிவில் ஒரு பை ஏற்றலாம் என்றார்கள். விழுகிற வரை உட்காருங்கள் என்று நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு தடவை விழுந்தான். இரண்டு பை கிடைத்தது.

"மாமா, நடிச்சு விழுந்தா கண்டுபிடிச்சிடறாங்க" என்றான் படுத்தபடி. "பக்கத்துல ஒருத்தர் நடிச்சாரு. எழுப்பி வெளிய அனுப்பிட்டாங்க. நான் நல்லவேளை, நிஜமாவே விழுந்துட்டேன்."

என் மனைவிக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. அவள் அடுக்களையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். பிறகு ஈரக்கையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏங்க, அங்க இருக்கிறவங்களும் மனுஷங்கதானே? அந்தத் தலைவர்கிட்ட ஒரு வார்த்தை நேரா சொல்லுங்களேன். தினமும் உங்க பக்கத்துல வந்துதான உக்கார்றாரு?"

உண்மைதான். தலைவர் ஐயாவுக்கு அந்த இருக்கை பிடித்துப்போய்விட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு கீழே வந்து, காருக்குள் இறங்கி, பெல்ட் போட்டுக்கொண்டு, "போலாம் டிரைவர்" என்பார். நான் எஞ்சினைக் கிளப்புவேன். முன்னால் சுவர் இருக்கும். அரை மணி நேரம் இருவரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்போம். நடுவில் ஒருமுறை, "கொஞ்சம் மெதுவா" என்பார். நான் காலை லேசாக எடுப்பேன்.

மறுநாள் சொல்லிவிட்டேன். மச்சானைப் பற்றி, ஊசியைப் பற்றி, அவன் நாற்காலியில் உட்கார்ந்து மயக்கத்துக்குக் காத்திருந்ததைப் பற்றி. சொல்லும்போது அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமில்லை.

தலைவர் ஐயாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்நெஞ்சர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

"மனசைப் பிசையுது டிரைவர். நான் சொல்றதைக் கேளுங்க. இதையெல்லாம் வாயால சொல்லாதீங்க, காத்தோட போயிடும். படிவத்துல எழுதுங்க. உணர்ச்சியெல்லாம் வேண்டாம், உண்மை மட்டும். எத்தனை பை போச்சு, எத்தனை பை போகல. நாங்க உண்மைக்குக் கட்டுப்பட்டவங்க. பத்து பேரு கண்ணீர் விட்டா அசைய மாட்டோம், ஒரு நம்பரைப் பார்த்தா அசைஞ்சிடுவோம். இது எங்க பலவீனம்னே வெச்சுக்குங்க."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து பத்தொன்பதாவது கேள்விக்கு நேராகப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டேன். மூன்றாவது கேள்விக்கு, இந்தக் காரில் உட்கார்ந்தால் மகிழ்ச்சி வராமல் போகாது என்று அலுவலகத்தார் சொன்னதால், முதல் நாளிலிருந்தே "ஆம்" என்றுதான் போட்டு வந்தேன். "இல்லை" போட்டால் கூடுதலாக நாலு பக்கம் விளக்கம் எழுத வேண்டும். பூஜ்யத்தை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. மை கெட்டியாக இறங்கும் பேனா வாங்கினேன். முதலில் சில நாலுகள். அதன் பிறகு நாற்பத்துச் சொச்சம் பூஜ்யங்கள். கண் உள்ள எவனும் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் பதறிவிடுவான் என்று நம்பினேன். மச்சானிடம்கூடச் சொன்னேன்: "இன்னும் பத்து நாள் பொறுத்துக்கடா. கூட்டத்துல என் படிவத்தைப் படிப்பாங்க."

அறுபதாம் நாள் கூட்டம் நடந்தது. என்னையும் கூப்பிட்டு மேசையின் கடைசியில் நாற்காலி போட்டார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. கொள்முதல் அதிகாரி மட்டும் டீயைத் தொடவில்லை.

அவர் என் படிவங்களை ஒன்றுவிடாமல் படித்திருந்தார். அதற்காக நான் அவரை இன்றும் மதிக்கிறேன்.

"டிரைவரோட அறிக்கை ரொம்பத் தெளிவா இருக்கு" என்று ஆரம்பித்தார். "முதல் ரெண்டு வாரம் கிளைக்குப் போன ரத்தம் நாலு பை, நாலு பை. அப்புறம் தொடர்ந்து பூஜ்யம். அதே சமயத்துல கிளையிலேர்ந்து வந்த புகார் எத்தனைன்னு பார்த்தேன். அதுவும் பூஜ்யம். ஒன்றரை மாசமா ரத்தம் போகல, ஒருத்தர்கூடப் புகார் பண்ணல. இதுலேர்ந்து என்ன தெரியுது? அங்க ரத்தம் தேவைப்படல."

எழுந்தேன்.

"ஐயா, புகாரெல்லாம் சிஸ்டர் எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க. கிளையோட தபால் பையும் என் வண்டியிலதான் வரணும். வண்டி போகாம பை எப்படி வரும்?"

"அப்ப வரலைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க" என்றார் அவர், குறித்துக்கொண்டே.

"போன்ல சொன்னாங்களே!"

"போன்ல சொல்றது தகவல். புகார்னா தாள்ல இருக்கணும்."

"ஐயா, பூஜ்யம்னு நான் எழுதினது வேண்டாம்னு அர்த்தத்துல இல்ல. கொண்டு போக முடியலைன்னு அர்த்தம்."

கொள்முதல் அதிகாரி என்னை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். "படிவத்துல 'வழங்கிய ரத்தம்'னு ஒரு கட்டம் இருக்கு. 'வழங்க முடியாத ரத்தம்'னு கட்டம் இல்ல. இல்லாத கட்டத்துல இருக்கிற பதிலை நாங்க எங்க போய்ப் படிக்கறது, சொல்லுங்க?"

நான் தலைவர் ஐயாவைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"என் மச்சான் செத்துப்போயிடுவான் ஐயா" என்றேன்.

"சொந்த விஷயத்தைச் சபைக்குக் கொண்டு வராதீங்க டிரைவர்" என்றார் தணிந்த குரலில். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தேவை இல்லாத கிளையில் ரத்தம் ஏற்றும் பிரிவை மூடுவது என்று தீர்மானம் ஆனது. மூடிவிட்டால் கார் ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. பதினாறு வேகத்தடையும் பிரச்சினை இல்லை. பெட்டி வைக்க இடம் வேண்டியதில்லை. ஆட்சேபம் எழுப்பக்கூடிய காரணங்கள் அத்தனையும் ஒரே தீர்மானத்தில் ஒழிந்தன. மீதி இருந்தது என் மகிழ்ச்சி மட்டும். அது அறுபதுக்கு அறுபது. "அன்றாட ஓட்டத்துக்கு முற்றிலும் உகந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வாங்குவதா, குத்தகையா என்பதில் இரண்டு துணைக்குழுக்களும் விட்டுக்கொடுக்காததால், மாத வாடகை கொடுத்து இப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தலைவர் ஐயா எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

கிளைக்குத் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். கடிதத்தை என்னிடமே கொடுத்தார்கள். கடிதத்தைப் பேருந்தில் கொண்டு போகத் தடை எதுவும் இல்லையாம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பேருந்தை விட்டு இறங்கி, கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளைக்குள் நுழைந்தேன். கூடம் நிறைய ஆட்கள். ரத்தம் வருகிறதோ இல்லையோ, ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மச்சானும் எனக்குத் தெரியாமல் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். மீதி ஒன்பது பேரைப் பற்றி நான் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் ஒரு பெரியவர், "வந்துட்டாருப்பா!" என்றார். ஒன்றரை மாதம் கழித்து ஓட்டுநர் வந்திருக்கிறார் என்றால் வேறு எதற்கு வந்திருப்பார்? "வண்டியக் காணோமே?" என்றாள் ஒரு பெண். "புது வண்டியாம், பத்திரமா தள்ளி நிறுத்தியிருப்பாரு" என்று இன்னொருத்தர் பதில் சொன்னார். சிலர் சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தார்கள். சிஸ்டர் உள்ளே ஓடிக் கட்டில் விரிப்பைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது.

என் கை சட்டைப் பைக்குப் போனது. மச்சான் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை காட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"மாமா, அதை இப்பவே எடுத்துடாதீங்க" என்றான் மூச்சு வாங்க. "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, "முதல்ல யாருக்கு ஏத்தணும்? ரொம்ப முடியாதவங்க யாரு?" என்று கேட்டார்.

பத்தொன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருந்தவரைக் கை காட்டினார்கள்.